முந்திக் காண்பதோ விழா?

2023ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 19ஆம் நாள். திருவனந்தபுரத்தில் வாழும் நம்மவர் இல்லங்கள் பலவற்றில் அன்று ஒரே பேச்சுத்தான். ‘லியோ’ என்னும் படம் கேரளத்தில் விடியற்காலை நான்கு மணிக்கே திரையேறியது. தமிழ்நாட்டிலோ காலை ஒன்பது மணிக்கு முன் காட்சி கூடாதென்பது அரசின் கட்டளை. எல்லைக்கு அப்பாலிருந்து இளைஞர்கள் இரவோடிரவாக இப்பக்கம் வந்து வரிசையில் நின்றனர். ‘சென்னைக்காரர்களுக்கு ஐந்து மணி நேரம் முன்னதாக நாங்கள் பார்த்துவிட்டோம்’ என்று நம் பிள்ளைகள் மார்தட்டினர். பெற்றோராகிய நாமும் அதைக் கேட்டு முறுவலித்தோம். பிறந்த மண்ணை விட்டு வந்து இரண்டு மூன்று தலைமுறை கழிந்த பின்னர், தாய்மண்ணை நாம் முந்திய துறை இஃது ஒன்றேயென்றால், அம்முறுவலில் நாணமும் சிறிது கலந்திருக்க வேண்டாவா?

அந்த நாணத்தைப் பற்றியதே இக்கட்டுரை. பிறரைக் குறை கூறுவதற்காக இதனை எழுதவில்லை. குற்றவாளிக் கூண்டில் முதலில் நிற்பவர் யாமே.

2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நண்பர் ஒருவரின் புதுமனை புகுவிழாவுக்குச் சென்றிருந்தோம். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து கரமனையில் குடியேறிய குடும்பம் அது. அவ்வாண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் வெளிவந்த ‘லோகா’ என்னும் மலையாளப் படத்தைப் பற்றியே பிள்ளைகள் பேசிக்கொண்டிருந்தனர். மின்னலென வருவதும், பகைவரைப் பந்தாடுவதும், மானுட ஆற்றலுக்கு அப்பாற்பட்டவற்றைச் செய்வதுமாகிய ‘சூப்பர் ஹீரோ’ வகைப் படம் அது. அதன் நாயகி கள்ளியங்காட்டு நீலி. சாத்தனை நாயகனாகக் கொண்ட இரண்டாம் பாகம் வருமென்று ஒரு திங்களுக்குள் அறிவிப்பும் வந்துவிட்டது. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் சிறுவன் ஒருவன் எம்மிடம் ஓடிவந்தான். “மாமா, நீங்க வருஷாவருஷம் பிலிம் பெஸ்டிவல் போவீங்களாமே! ரெண்டாம் பாகத்தை அங்கே முன்கூட்டியே போடுவாங்களா? எனக்கு ஒரு பாஸ் வாங்கித் தருவீங்களா?” என்றான்.

எமக்கு விடை எழவில்லை. ஏனெனில், மூன்றாண்டுகளுக்கு முன்னர் இதே வினாவுக்கு யாம் தவறான விடையெழுதித் தோற்றவர்கள்.

முந்திக் காணும் வேட்கை விளையாட்டுப்போலத் தொடங்குவது, விளையாட்டாகவே முடிவதில்லை. 2023 ஜனவரி 11ஆம் நாள் சென்னையில் ‘துணிவு’ படத்தின் முதற்காட்சிக் கொண்டாட்டத்தில், ஊர்ந்து சென்ற லாரியின் மீதேறி ஆடிய பத்தொன்பது வயது இளைஞன் ஒருவன் விழுந்து மாண்டான். 2024 டிசம்பர் 4ஆம் நாள் இரவு ஐதராபாத்தில் ‘புஷ்பா’ படத்தின் இரண்டாம் பாகம், வெளியீட்டு நாளுக்கு முதல்நாள் இரவே காட்டப்பட்டது. நாயக நடிகரும் அரங்குக்கு வந்தார். நெரிசலில் சிக்கித் தாய் ஒருத்தி உயிரிழந்தாள். அவள் மகன் குற்றுயிராகக் கிடந்தான். மறுநாட் காலை வரை பொறுத்திருந்தால் அப்படம் எங்கும் ஓடிப்போயிராது. ஓர் இரவுதான் வேற்றுமை. அந்த ஓர் இரவுக்கு விலை ஒரு தாய்.

இவ்வேட்கை நம் நெஞ்சில் தானே முளைத்ததன்று, விதைத்தவர்கள் உளர். முற்காலத்தில் ஒரு படம் பெருநகரில் நூறு நாள் ஓடி, சிற்றூர்களுக்கு இறங்கி, டூரிங் டாக்கீசின் மணற்றரைக்கு வந்து சேர ஓராண்டுகூட ஆகும். மணலைக் குவித்து அதன்மேல் அமர்ந்து பார்த்த நம் தந்தையரும் தாயரும் ஓராண்டு பிந்திப் பார்த்தோமே என்று வருந்தியதில்லை. இன்று படம் ஒரே நாளில் ஆயிரக்கணக்கான திரைகளில் விழுகிறது. முதல் மூன்று நாள் வசூலே அதன் தலையெழுத்தாகிறது. படம் நன்றா, தீதா என்னும் சொல் ஊரில் பரவுமுன் போட்ட பணம் திரும்ப வேண்டும். அதற்கு மக்கள் ஆராயாமல் ஓடிவர வேண்டும். ‘முதலில் பார்த்தவன் பெரியவன்’ என்னும் பெருமையை வணிகர் உண்டாக்கியது இதற்காகவே. நாம் அதனை நம் பெருமையென்று நினைத்துச் சூடிக்கொண்டோம்.

வணிகம் தன் வேலையைச் செய்கிறது. அதனை நொந்து பயனில்லை. வணிகத்தின் இப்பழக்கத்தை விழாவுக்குள்ளும் நாம் தூக்கிச் செல்வதுதான் எம்முடைய வழக்கு.

விழா என்னும் சொல்லின் பொருளைத் தமிழர்க்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. மணிமேகலையின் முதற்காதையே விழாவறை காதை. புகார் நகரில் இந்திர விழா வரப்போகிறதென்று யானையின்மீது முரசேற்றி ஊரெங்கும் அறைகின்றனர். இருபத்தெட்டு நாள் விழா அது. தெருக்களை அழகு செய்க என்பதும், பல்வேறு சமயத்தாரும் பட்டிமண்டபம் ஏறி வாதிடுக என்பதும், பகைவரிடத்தும் சினம் கொள்ளாது விலகுக என்பதும் அம்முரசின் செய்தி. ‘முன்னே வந்தவர்க்கு முதலிடம்’ என்று எவரும் அறையவில்லை. பலரும் கூடுவது, வேறுபட்ட கருத்துகளைக் கேட்பது, சினம் அடக்குவது ஆகிய மூன்றுமே அவ்விழாவின் இலக்கணம்.

நம் நகரில் நடைபெறும் கேரளப் பன்னாட்டுத் திரைப்பட விழாவும் இவ்விலக்கணத்திற்கு அயலானதன்று. 1965இல் அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் இந்நகரில் ‘சித்ரலேகா’ திரைப்படச் சங்கத்தைத் தொடங்கினர். அக்காலத்துத் திரைப்படச் சங்கங்கள் ஊர் ஊராகப் பண்படுத்திய மண்ணில் 1994இல் கோழிக்கோட்டில் இவ்விழா முளைத்தது. பின்னர் மாநிலச் சலச்சித்திர அகாதெமியின் பொறுப்பில் இங்கேயே வேரூன்றிவிட்டது. ஆண்டுதோறும் எட்டு நாள். பேராளர் அட்டை, அதாவது நாம் ‘டெலிகேட் பாஸ்’ என்று சொல்வது, ஒன்றிருந்தால் போதும்; ஈரான், லத்தீன் அமெரிக்கா, ஆப்பிரிக்கா எனப் பல நாட்டு மக்களின் துயரும் நகையும் நம் ஊர்த் திரையில் ஒளிரும். ஆட்டோ ஓட்டுநரும் கல்லூரி மாணவியும் படிக்கட்டில் அருகருகே அமர்ந்து பார்க்கும் காட்சியை இங்கே கண்டிருக்கிறோம். இந்நகரில் நமக்கு வாய்த்த பேறுகளுள் இது பெரிது. நாம் அதனை எவ்வாறு பயன்படுத்தினோம்?

2022 மார்ச்சுத் திங்களில், 18ஆம் நாள் முதல் 25ஆம் நாள் வரை, பெருந்தொற்றினால் தள்ளிப்போயிருந்த 26ஆவது விழா நடைபெற்றது. போட்டிப் பிரிவில் ஒரு தமிழ்ப் படம் இருந்தது. ‘கூழாங்கல்’ அதன் பெயர். மதுரை மாவட்டத்து மேலூர்ப் பகுதியைச் சேர்ந்த பி.எஸ். வினோத்ராஜ் இயக்கிய முதற்படம். 2021இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் விழாவில் புலி விருது பெற்றது. அவ்வாண்டு ஆஸ்கர் போட்டிக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்டது. குடிகாரத் தந்தையும் சிறுவனான மகனும் கரிந்த நிலத்தின் வழியே வெயிலில் ஊர் திரும்புகிறார்கள். கதை அவ்வளவே. ஒன்றேகால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதில் நமக்குத் தெரிந்த நடிகர் எவரும் இல்லை, பாட்டில்லை, சண்டையில்லை. ஆதலால் யாம் செல்லவில்லை. எமக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்களிலும் எவரும் சென்றதாக நினைவில்லை.

விழா முடிந்த மறு திங்கட்கிழமை அலுவலகத்தில் எம் பக்கத்து மேசைக்காரர், மலையாளி, ஆர்வத்தோடு வந்து கேட்டார்: “சாரே, உங்கள் தமிழ்ப் படம் கண்டீர்களா? அந்த ஊர் எங்கே இருக்கிறது? வளையில் புகைமூட்டி எலி பிடிக்கிறார்களே, அவர்கள் யார்? ஊற்றிலே நீர் சுரக்கச் சுரக்கக் கிண்ணத்தால் கோரிக் குடத்தை நிறைக்கிறார்களே, இன்றும் அங்கே அப்படித்தானா?”

நடுவண் அரசு எழுத்தராக இருபதாண்டு கோப்புகளுக்கு விடையெழுதிய எம்மால், இம்மூன்று வினாக்களுள் ஒன்றுக்கும் விடை சொல்ல இயலவில்லை. ‘பார்க்கவில்லை’ என்றோம். அவர் எம்மை இகழவில்லை. வியப்போடு மட்டும் நோக்கினார். அவ்வியப்பு இகழ்ச்சியினும் கொடிது. அவ்விழாவில் பார்வையாளர் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த விருது எப்படத்துக்குக் கிடைத்தது தெரியுமா? ‘கூழாங்கல்’லுக்கே. மலையாளிகள் நிறைந்த பேரவை தமிழ் மண்ணின் வறட்சியைக் கண்டு கலங்கி, தமிழ்ப் படத்துக்கு வாக்களித்தது. அவ்வாக்குகளுள் எம் வாக்கு இல்லை. மதுரை மண்ணின் வெயிலைக் கேரளத்தார் பொறுமையாகப் பார்த்தனர். தமிழராகிய யாம் வீட்டில் விசிறிக்கடியில் அமர்ந்திருந்தோம். அப்படம் வழக்கம்போலத் திரையரங்குகளுக்கு வந்து ஓடவும் இல்லை. 2023 அக்டோபரில் இணையவழித் தளமொன்றிலேதான் வெளியாயிற்று. அகன்ற திரையில் அதனைக் காணும் வாய்ப்பு நம் வாசலுக்கு வந்து நின்றது. கதவைத் திறவாமல் விட்டவர் யாமே.

அதே 2022 டிசம்பரில் 27ஆவது விழா வந்தது. இம்முறை நம்மவர் பலர் அட்டை வாங்கினர். யாமும் மகளும் வாங்கினோம். காரணம் கலைத்தாகமன்று. மம்மூட்டி நடித்து லிஜோ ஜோஸ் பெல்லிசேரி இயக்கிய ‘நண்பகல் நேரத்து மயக்கம்’ அவ்விழாவில் முதன்முதலாகக் காட்டப்படும் என்ற செய்திதான். தமிழ்ப் பெயர் தாங்கிய படம். பழனிப் பக்கத்துச் சிற்றூரில் எடுத்த படம். அதில் மம்மூட்டி தமிழ் பேசுகிறார். நாட்டில் எவரும் காணாததை நாம் முன்னே கண்டுவிடலாம்!

டிசம்பர் 12ஆம் நாள் வழுதக்காட்டு டாகூர் அரங்கின்முன் அன்று கூடிய கூட்டத்தை நேரில் கண்டவர் மறவார். அரை நாள் விடுப்பெடுத்து, உச்சிவெயிலில் யாமும் மகளும் வரிசையில் நின்றோம். எமக்கு இடம் கிடைத்தது. பலர்க்குக் கிடைக்கவில்லை. முன்பதிவு செய்தும் உள்ளே செல்லமுடியாதவர்கள் முழக்கமிட்டனர், காவல்துறை வந்தது, வழக்கும் பதிவாயிற்று. 16ஆம் நாள் நிறைவு விழாவில் அகாதெமித் தலைவர் பேச எழுந்தபோது அவைக்குள் கூவல் ஒலித்தது. சினம் கொள்ளாது விலகுக என்று முரசறைந்த மரபு நமக்குண்டு என்பதை அன்று எவர் நினைத்தார்?

அரங்கினுள் அமர்ந்து யாம் கண்டதென்ன? உண்மையைச் சொல்லிவிடுகிறோம். படம் ஓடிக்கொண்டிருக்கையில் எம் மனம் மறுநாள் அலுவலகத்தில் இருந்தது. எந்தச் சொற்றொடரில் தொடங்கினால் கேட்பவர் வியப்பார், எதனைச் சொல்லி எதனை மறைத்தால் ஆவல் பெருகும் என்றே எண்ணிக்கொண்டிருந்தோம். படம் 2023 ஜனவரி 19ஆம் நாள் திரையரங்குகளுக்கு வந்தது. இடைப்பட்ட 38 நாளும் யாம் பெருஞ்செல்வர்போல் உலவினோம். முப்பத்தொன்பதாம் நாள் அச்செல்வம் செல்லாக்காசாயிற்று. எல்லாரும் பார்த்துவிட்டனர், எம்மினும் நன்றாகவே பார்த்துவிட்டனர்.

இனி, மறுப்புகளுக்கு வருவோம். முதலாவது மறுப்பு, அப்படம் வெறும் நட்சத்திரப் படமன்று, உயர்ந்த படைப்பு என்பது. முற்றிலும் உண்மை. பார்வையாளர் விருது அவ்விழாவில் அதற்கே கிடைத்தது. அவ்வாண்டுக்கான கேரள அரசின் சிறந்த படம், சிறந்த நடிகர் விருதுகளும் அப்படத்துக்கே. யாம் குறை கூறுவது படத்தையன்று; யாம் அதனிடம் சென்ற காரணத்தையே. ஐந்து வாரத்தில் நம் தெருக்கோடி அரங்குக்கு வரப்போகும் படத்துக்காக ஒரு நாளைச் செலவழித்தோமே, அதே பொழுதில் வேறு அரங்குகளில் ஓடிய படங்களுள் இந்நகருக்கு மீண்டும் ஒருபோதும் வாராதவை எத்தனை! அவற்றுள் ஒன்றன் பெயரையேனும் யாம் தெரிந்துகொண்டோமில்லை.

இரண்டாவது மறுப்பு, விழாவில் முன்னதாகக் காட்டுவது உலக வழக்கம் என்பது. இதுவும் உண்மையே. வெற்றிமாறனின் ‘விடுதலை’ இரண்டு பாகங்களும் 2024 தொடக்கத்தில் ராட்டர்டாமில் காட்டப்பட்டன. இரண்டாம் பாகம் தமிழ்நாட்டுக்கு வந்தது 2024 டிசம்பர் 20இல்தான். நம் கேரளத்தின் சூப்பர் ஹீரோப் படமாகிய ‘மின்னல் முரளி’யும் 2021 டிசம்பர் 16ஆம் நாள் மும்பை விழாவில் காட்டப்பட்டு, 24ஆம் நாள் இணையவழி வெளியாயிற்று. முன்னோட்டத்தால் படைப்பாளிக்கு நன்மையுண்டு: கற்றவர் கருத்து கிடைக்கிறது; சிறுபடமாயின் வாங்குவோர் கிடைக்கின்றனர்; பிற நாட்டார் அறிகின்றனர். பார்வையாளனுக்கு வரும் நன்மை என்ன? எட்டு நாள் முன்னர் மின்னல் முரளியை அறிந்தவன், எட்டு நாள் பின்னர் அறிந்தவனைவிட எவ்வகையில் உயர்ந்தவன்? அப்படத்தில் அனைவர் நெஞ்சையும் உருக்கிய எதிர்நாயகன் ஷிபுவாக நடித்தவர், நம் தமிழ் நடிகர் குரு சோமசுந்தரம். கூத்துப்பட்டறையில் பல்லாண்டு பயின்றவர். முந்திப் பார்த்தோமா என்று கேட்கும் நாம், அவர் தமிழில் நடித்த ‘ஜோக்கர்’ படத்தை 2016இல் பிந்தியேனும் பார்த்தோமா என்று ஏன் கேட்பதில்லை?

மூன்றாவது மறுப்பு நம் இல்லங்களிலிருந்து வருவது. ‘பகலெல்லாம் உழைத்துக் களைத்த நாம் காசு கொடுத்து வறுமையையும் வறட்சியையும் ஏன் பார்க்க வேண்டும்?’ இக்கேள்வியை யாம் எளிதாகத் தள்ளமாட்டோம். களைத்தவன் சிரிக்க விரும்புவது குற்றமன்று. ஆனால் எண்ணிப்பாருங்கள். நாம் இங்கே பிறந்து வளரும் பிள்ளைகளுக்கு எந்தத் தமிழகத்தைக் காட்டுகிறோம்? ஒரே அடியில் இருபது பேரை வீழ்த்தும் நாயகன் வாழும் தமிழகத்தை மட்டும் காட்டுகிறோம். வெயிலில் நடக்கும் தாயும், ஊற்றில் நீர் கோரும் பெண்ணும் அவர்கள் கண்ணில் படுவதேயில்லை. பிழைப்புத் தேடி நம் பாட்டன்மார் மலை தாண்டி வந்ததேன்? அங்கே மழை பொய்த்ததனாலும் வயல் கரிந்ததனாலும் வந்தவர் எத்தனை பேர்! நம் குடும்பங்களின் வரலாறு ‘கூழாங்கல்’ காட்டும் நிலத்தில் கிடக்கிறது. அதனைப் பாராமல் திரும்பிக்கொள்வது களைப்பினாலன்று, மறதியினால்.

இம்மறதி திரைப்படத்தோடு நிற்பதுமில்லை. ஆ. மாதவன் சாலைத் தெருவில் கடை நடத்திக்கொண்டே அத்தெருவின் மாந்தரைத் தமிழிலக்கியத்தில் நிலைநிறுத்தினார். சாகித்திய அகாதெமி விருது 2015இல் அவருக்கு வந்தபோது வயது எண்பதைக் கடந்துவிட்டது. அத்தெருவில் நாளும் காய்கறி வாங்கிச் சென்ற நம்முள், விருதுக்கு முன் அவரைப் படித்தவர் எத்தனை பேர்? பிந்திப் படித்ததற்காக எவரும் நாண வேண்டுவதில்லை. இன்னும் படியாதிருப்பதே நாணத்தக்கது.

பிந்திக் காண்பதில் இழிவில்லை என்பதை எமக்குக் கற்பித்தவர் எம் அன்னையார். தென்காசிப் பக்கத்தில் பிறந்தவர், எழுபது கடந்தவர், கண் புரையினால் பார்வை மங்கியவர். 2023 ஜனவரி இறுதியில், கூட்டம் ஓய்ந்த ஒரு மாலைக் காட்சிக்கு அவரை ‘நண்பகல் நேரத்து மயக்க’த்துக்கு அழைத்துச் சென்றோம். வேளாங்கண்ணி சென்று திரும்பும் மலையாளி ஒருவன் வழியில் வண்டியை நிறுத்தி இறங்கி, முன்பின் அறியாத தமிழ்ச் சிற்றூரில் காணாமற்போன சுந்தரமாகவே மாறி, அவன் வீட்டுக்குள் நுழைந்து தமிழ் பேசும் கதை அது. படம் முழுதும் பின்னணியில் பழைய தமிழ்ப் படங்களின் பாட்டும் வசனமும் ஓயாமல் ஒலிக்கும். முன்னர் அரங்கில் அமர்ந்திருந்தபோது அவ்வொலி எமக்கு வெறும் இரைச்சல். அன்னையாரோ ஒவ்வொரு வசனத்தையும் திரையில் முடியுமுன் தாமே முடித்தார். இன்ன படம், இன்ன கொட்டகை, உடன் வந்தவர் இன்னார் என்று எம் காதில் சொல்லிக்கொண்டேயிருந்தார். தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்திருக்கும் சுந்தரத்தின் பார்வையற்ற தாயைத் திரையில் கண்டதும் பேச்சை நிறுத்தினார். பின்னர், “எய்யா, அந்தப் பொம்பளைக்குக் கண்ணு இல்லாட்டாலும் காது முழுக்க ஊருதான்” என்றார்.

அப்பொழுதுதான் யாம் அப்படத்தைப் பார்த்தோம். டிசம்பரில் பார்த்தது நுழைவுச்சீட்டின் பெருமையை. மொழி மாறி, ஊர் மாறி, ‘நான் யார்’ என்று தடுமாறும் அவ்வொருவனின் கதை, இரு மொழிக்கிடையே வாழும் நம் ஒவ்வொருவரின் கதையன்றோ? அதனைக் காண எமக்கு 38 நாள் முன்னுரிமை உதவவில்லை. ஒரு முதியவளின் துணை உதவிற்று. வீடு திரும்பும் வழியில் மகள் தன் பாட்டியிடம் அப்பழைய படங்களின் பெயர்களைக் கேட்டுக் கைப்பேசியில் தமிழிலேயே எழுதிக்கொண்டாள். எந்த வகுப்பிலும் இத்தகைய தமிழ்ப் பாடம் நடந்ததை யாம் கண்டதில்லை.

இன்னும் ஒரு சான்று. நம் நகர விழாவின் சின்னத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். தோல்பாவைக் கூத்தின் இலங்கைலட்சுமி அது. இலங்கையின் வாயிலைக் காத்து நின்றவள். அக்கூத்து பாலக்காடு முதலிய பகுதிகளில் பாரதப்புழையை அடுத்துள்ள பத்திரகாளி கோயில்களில் நடப்பது. கூத்துமாடத்தில் திரை கட்டி, பின்னே இருபத்தொரு விளக்கேற்றி, இரவு முழுதும் பாவையாட்டுவர். ஆட்டுவோர்க்குப் ‘புலவர்’ என்றே பட்டம். அவர்கள் பாடுவது கம்பன் பாட்டு. ஆம், தமிழ்ப் பாட்டு. கேரளத்தின் பன்னாட்டு விழா தன் முகத்தில் சூடிய சின்னம் கம்பன் தமிழ் ஒலிக்கும் மேடையிலிருந்து வந்தது என்பதை நம் பிள்ளைகளுக்கு நாம் சொன்னதுண்டா?

அக்கூத்து ஏன் ஆடப்படுகிறது என்பதற்கு ஒரு கதையுண்டு. இராமன் இராவணனைப் பொருத காலத்தில் பத்திரகாளி தாரகனோடு போர் செய்துகொண்டிருந்தாளாம். அதனால் உலகமே கண்ட அப்பெரும்போரை அவள் காணவில்லை. அவள் குறை தீர்க்கவே ஆண்டுதோறும் அவள் கோயிலில் அக்கதை ஆடப்படுகிறது. பல இரவுகளில் மக்கள் எவருமே எதிரில் இருப்பதில்லை. ஆயினும் புலவர்கள் ஒரு பாட்டும் குறைக்காமல் பாடுகிறார்கள், அவள் பார்க்கிறாள் என்னும் நம்பிக்கையில். தெய்வமே பிந்தித்தான் பார்த்தது. முடிவு தெரிந்த கதையை ஆண்டுதோறும் பார்த்துக்கொண்டுமிருக்கிறது. நமக்கு மட்டும் ஐந்து மணி நேரம் பொறுக்கவில்லை!

ஆகவே நம் சங்கத்தார்முன் சிலவற்றை வைக்கிறோம். முதலாவதாக, இம்மலரின் விளம்பர வருவாயில் ஒரு சிறு பகுதியை ஒதுக்கி, ஆண்டுதோறும் நம் மாணவர் பதின்மர்க்கு விழாவின் பேராளர் அட்டை வாங்கிக் கொடுப்போம். இரண்டாவதாக, அவர்கள் அங்கே வரும் தமிழ்ப் படங்கள் அனைத்தையும், நாள்தோறும் தமக்குத் தெரியாத மொழிப் படம் ஒன்றையும் பார்க்க வேண்டும் என்று விதிப்போம்; விரைவில் ஊர் அரங்குக்கு வரவிருக்கும் நட்சத்திரப் படத்துக்கு வரிசையில் நிற்க வேண்டா என்றும் சொல்வோம். மூன்றாவதாக, ஜனவரியில் ஒரு மாலை அப்பதின்மரும் சங்க மேடையேறித் தாம் கண்டவற்றைத் தமிழில் எடுத்துரைக்கட்டும். வினாக்களுக்கு விடை கூறட்டும். நான்காவதாக, பெரிய படம் வெளிவந்தால் முதல் நாள் முதற்காட்சி நம் குடும்பங்களுக்கு வேண்டா. இரண்டாம் வாரத்தில் பாட்டன் பாட்டியரை அழைத்துக்கொண்டு குடும்பத்தோடு செல்வோம். இதற்குச் சங்கம் தீர்மானம் போட வேண்டுவதில்லை. வீட்டில் ஒருவர் துணிந்தால் போதும்.

இனி அச்சிறுவனுக்கு அன்று சொல்லாத விடை. தம்பி, உன் படத்தின் இரண்டாம் பாகத்தை விழாவில் போட்டால் போடட்டும். ஊர் பார்க்கட்டும். நாம் பிறகு உன் பாட்டியோடு போவோம். கள்ளியங்காடு எங்கோ இருக்கும் கற்பனை ஊரன்று. நாகர்கோவிலை அடுத்து இருக்கிறது, உன் பாட்டி பிறந்த பக்கம். எந்தப் படத்திலும் வாராத நீலி கதை அவருக்குத் தெரியும். நீ கேளாததனால் அவர் சொல்லவில்லை. விழா நடக்கும் நாளிலோ நீ எம்மோடு வா. பெயர் தெரியாத நாட்டுப் படத்துக்குப் போவோம், வரிசை சிறியதாயிருக்கும். பாஸ் வாங்கித் தருவது எம் பொறுப்பு.